ஜனவரி ஒன்று, 1970

மெமரி கார்டு வாங்கும்போது அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள், மேடம். உங்கள் கேள்விக்குத்தான் வருகிறேன். ஒரு டெராபைட் என்று எழுத மை மட்டும் போதும். உள்ளே இருப்பது எட்டு ஜிபியாக இருக்கும். ஆனால் ஃபோன் கேட்டால் ஒரு டெராபைட் என்று பொய் சொல்லும்படி அந்தச் சில்லைப் பழக்கியிருப்பார்கள். ஃபோனும் நம்பிவிடும். எட்டு ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் எழுதுவதெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். வேடிக்கை என்னவென்றால் பட்டியல் மட்டும் அழியாது. பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாகக் காட்டும். திறந்தால் ஒன்றும் இருக்காது.

இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலித்துவிட்டது. என் கடை எங்கள் வீட்டின் முன்னறைதான். கெட்டுப்போன கார்டுகளிலிருந்து படங்களையும் கோப்புகளையும் மீட்டுக் கொடுப்பேன், நல்ல கார்டு விற்பேன், கேட்பவர்களுக்கு ஃபோனில் ஆண்ட்ராய்டுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பேன். "அண்ணே, இவ்வளவு சின்ன சாமானுக்கு எதுக்குண்ணே இவ்வளவு யோசனை" என்று சிரித்துவிட்டுப் போய்ப் பிளாட்பாரத்தில் வாங்குவார்கள். பிறகு அதே ஆள் அழுதுகொண்டு வந்து நிற்பார். "போனது போனதுதானா, ஏதாவது பண்ண முடியாதா?" ஊதுகிற சங்கை ஊதியாயிற்று, விடிகிறபோது விடியட்டும் என்று விட வேண்டியதுதான். ஆனால் எரிச்சல் வரும், மேடம். வருஷக்கணக்காக ஒரே விஷயத்தைச் சொல்லி, ஒருவர் கூடக் காதில் வாங்காவிட்டால் யாருக்கும் எரிச்சல் வரும்.

என் மனைவியின் ஃபோனை நான்தான் அமைத்தேன். சுத்தமான லினக்ஸ். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. மற்றவர்கள் கண்ணில் நூலளவு பிசகையும் கண்டுபிடிப்பவள், தன் ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க மாட்டாள். அந்த ஃபோனில் குரல் பதியும் செயலி ஒன்று வைத்திருந்தேன். ஒலியைச் சுருக்காமல், இருக்கிறபடியே பதியும்படி அமைத்தேன். இடம் நிறையப் பிடிக்கும். ஆனால் செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்பது என் குணம். ஒவ்வொரு பதிவுக்கும் அந்தத் தேதியே பெயராக விழும்.

அதை எங்கள் மகள் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வீட்டில் ரேடியோ என்றுதான் பெயர். விழித்தது முதல் தூங்கும் வரை வாய் மூடாது. ஒன்று, இரண்டு எண்ணத் தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் அது நிகழ்ச்சியாக மாறிவிட்டது. "வணக்கம் நேயர்களே, இது உங்கள் ரேடியோ. இன்றைய செய்தி. அம்மா ஒரு தாத்தாவுக்குக் கண்ணாடி மாட்டி விட்டாங்க. தாத்தா அம்மாவைப் பாத்துட்டு, நீ இவ்ளோ சின்னப் பொண்ணான்னு கேட்டாரு. அப்பா இன்னைக்கும் கோபமா இருக்காங்க. வானிலை, பாத்ரூம்ல மழை." இப்படி ஆயிரக்கணக்கில். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு, மருந்தை உறிஞ்சுகிற பம்ப் ஒன்று எப்போதும் கூடவே இருக்கும். அந்த நீலப் பம்பைத்தான் மைக்காகப் பிடித்துக்கொள்வாள்.

அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒன்பது வயது முடியவில்லை. தூக்கத்தில் மூச்சு முட்டியது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு என் மனைவி அந்த ஃபோனைக் கையை விட்டு இறக்கவில்லை. கடைசி நிகழ்ச்சியில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டு போனாள். ஒன்றையே வாரக்கணக்கில் கேட்பாள். காதில் எப்போதும் இயர்ஃபோன். நான் கூப்பிட்டால் கேட்காது. தோளைத் தொட்டால் ஒன்றைக் கழற்றிவிட்டு, "என்ன?" என்பாள், நான் வாயெடுப்பதற்குள் மறுபடி மாட்டிக்கொள்வாள். இது போதாதென்று பதில் வேறு பேச ஆரம்பித்தாள். குழந்தையின் நிகழ்ச்சியைக் கேட்பாள், பிறகு பதியும் பொத்தானை அழுத்தி, "நேயர் பேசுறேன்டா கண்ணு. இன்னைக்குக் கடையில என்னாச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். என்னிடம் ஒரு நாளில் பேசுவதை விட அதனிடம் ஒரு மணி நேரத்தில் அதிகம் பேசினாள். நானும் பிள்ளையைப் பறிகொடுத்தவன்தான். என்னை யாரும் என்ன என்று கேட்கவில்லை.

அவள் தம்பி வேன் ஓட்டுகிறான். வாரம் ஒருமுறை வந்து பார்ப்பான். ஒருநாள் வாசலில் நின்று, "இப்படியே போனா அக்கா நமக்கு மிஞ்ச மாட்டா மாமா. பேசாம அந்த ஃபோன எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க" என்றான். நான் அவனை மாட்டிவிடச் சொல்லவில்லை. வீட்டிலிருந்த எல்லோருடைய எண்ணமும் அதுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்படிப் பேசிப் பேசி ஃபோன் நிறைந்தது. இடமில்லை என்று எச்சரிக்கை வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். குழந்தை போனபிறகு அவள் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"பெருசா ஒரு கார்டு போட்டுக் குடுங்க. அவ பேசினதுல ஒண்ணு கூட நான் அழிக்க மாட்டேன்."

"ஒண்ணும் அழிக்க வேணாம். நான் பாத்துக்கறேன், போ" என்றேன்.

நீங்கள் கேட்டது இதைத்தான். இத்தனை தெரிந்தவன் எப்படிப் போலிக் கார்டில் ஏமாந்தாய் என்று. நான் ஏமாறவில்லை, மேடம். தேடித்தான் வாங்கினேன்.

பிளாட்பாரத்தில் நாலைந்து வாங்கி வந்தேன். கார்டின் நிஜக் கொள்ளளவைச் சோதிக்க லினக்ஸில் ஒரு கருவி உண்டு. கார்டு முழுவதும் எழுதிப் பார்த்து, திரும்பப் படித்து, எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று சொல்லிவிடும். நல்ல கார்டுதானா என்று பார்க்க எல்லோரும் அதை ஓட்டுவார்கள். நான் போலிதானா என்று உறுதி செய்துகொள்ள ஓட்டினேன். ஒன்று பாதிக்குப் பாதி உண்மையாக இருந்தது, அதைத் தள்ளிவிட்டேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. மேலே ஒரு டெராபைட், உள்ளே எட்டு ஜிபி. நம்பிக்கையான பிராண்டு போலவே அச்சு. அதை லினக்ஸுக்கு மட்டும் புரிகிற முறையில் ஃபார்மேட் செய்தேன். ஏனென்றால் அவள் பதறிப்போய் வேறு கடைக்கு எடுத்துப் போனால், அங்கே இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கார்டைப் படிக்கத் தெரியாது. ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். நம் ஆட்கள் எதையும் படித்துப் பார்க்காமல் 'சரி' அழுத்துகிறவர்கள். அதோடு மிச்சமும் போய்விடும்.

அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஃபோனைக் கம்ப்யூட்டரில் செருகும்போது கூட அதன் மேல் ஒரு விரலை வைத்திருந்தாள். பெயர் வரிசைப்படி, பழையதிலிருந்து புதியதற்குக் காப்பி ஆகும்படி கட்டளையைத் தட்டினேன். அதற்கும் காரணம் உண்டு. உண்மையான அந்த எட்டு ஜிபியில் முதலில் போகிறவை பிழைத்துக்கொள்ளும். குழந்தை மழலையில் எண்ணியதும் பாடியதும் அவளுக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அந்த முதல் வரிகளை நான் பார்க்கவில்லை. அவள் சந்தேகப்படுகிறாளா என்று அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கார்டை ஃபோனில் போட்டு, குழந்தையின் கடைசி நிகழ்ச்சிகளில் ஒன்றிரண்டை மட்டும் மறுபடி ஒருமுறை எழுதவைத்து, எழுதின சூட்டோடு திறந்து காட்டினேன். பாடியது. எழுதிய சூட்டில் ஃபோன் அதைத் தன் ஞாபகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும், அங்கிருந்துதான் வரும். கார்டில் ஒன்றும் இருக்காது. அது அவளுக்குத் தெரியாது. "வணக்கம் நேயர்களே" என்று குரல் வந்ததும் அவள் சிரித்தாள். அந்த வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அப்போதுதான். "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. பிறகு, ஒன்றே இரண்டு இடத்தில் கிடந்தால் குழப்பம் வரும் என்று சொல்லி, ஃபோனில் முன்பு இருந்த சின்னக் கார்டையும் உள்நினைவில் பதிவுகள் இருந்த இடத்தையும் முழுக்கப் பூஜ்யத்தால் நிரப்பினேன். அதை யாராலும் மீட்க முடியாது. நான் மீட்கிறவன், எனக்குத் தெரியும்.

ஃபோனை ஒருமுறை அணைத்துப் போட்டதும் எல்லாம் போயிருந்தது. அவள் ஒன்றைத் தட்டினாள், திறக்க முடியவில்லை என்றது. அடுத்ததைத் தட்டினாள். அதற்கடுத்தது. பட்டியல் மட்டும் தேதி தேதியாக நின்றது. "என்னங்க இது" என்று கேட்டுக்கொண்டே தட்டினாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கார்டு என்றால் அப்படித்தான், எந்தக் கம்பெனியும் உத்தரவாதம் தராது, நம் தலையெழுத்து என்றேன். தோளை அணைத்துக்கொண்டேன். அவள் தம்பி கூட, "ஒருவகையில நல்லதுதான் மாமா" என்று என் காதில் சொன்னான். அழுது தீர்த்துவிட்டு எழுந்துவிடுவாள் என்று உண்மையாகவே நம்பினேன். அவள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இப்போதும் பாதி நம்புகிறேன்.

மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை போன அன்றைக்கு அவளுக்கு இருமல், பள்ளிக்கூடம் போகவில்லை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரு நில அளவையாளரின் கார்டு வந்திருந்தது. அவருடைய பல வருஷ அளவுகள் அதில் இருந்தன, உயிரை விடுகிற நிலையில் இருந்த கார்டு. அப்படிப்பட்ட கார்டு ஒரே ஒருமுறைதான் வாய் திறக்கும். காப்பி ஓடும்போது மேசை ஆடினால் தொடர்பு அறுந்துவிடும். ரேடியோவுக்கு அன்று பார்த்து என் மேசையில்தான் நிகழ்ச்சி நடத்த வேண்டும். பம்பை வாயருகே பிடித்துக்கொண்டு, "அப்பா, நேயர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மேசையில் ஏறினாள். ஒருமுறை தொடர்பு அறுந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பொறுமையாகத்தான் சொன்னேன். மறுபடி ஏறினாள். பம்பை அவள் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் விட்டு, கதவை வெளியே தாழ் போட்டேன். பத்து நிமிஷம் என்று சொன்னேன்.

காப்பி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவைத் தட்டினாள், பேசினாள், பிறகு மறுபடி தட்டினாள். "அப்பா, பம்ப்" என்றாள். அவள் கத்திக் காரியம் சாதிக்கிற பிள்ளை, எதற்கெடுத்தாலும் நாடகம். தட்டாதே, காப்பி ஆகுது என்று சொன்னேன். பம்ப் என் முன்னால்தான் இருந்தது. கார்டு செருகியிருந்த கருவிக்குப் பக்கத்தில், நீலமாக. கை நீட்டினால் எட்டும். நான் அதைப் பார்த்தேன், மேடம். பார்க்கவில்லை என்று சொல்லப் போவதில்லை. எழுந்தால் மேசை ஆடும். முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தட்டுவது நின்றதும், ஒருவழியாக அடங்கினாள் என்று நிம்மதியாக இருந்தது.

காப்பி முடிய நெடுநேரம் ஆனது. அளவையாளரின் கோப்புகளில் ஒன்று கூட விடுபடவில்லை.

கதவைத் திறந்தபோது அவள் கதவோரமாகத்தான் கிடந்தாள். சார்ஜ் வயரோடு இழுத்த மாதிரி அம்மாவின் ஃபோன் கையில் இருந்தது. திரையில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் தானாகப் போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. பிறகு அவளைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டேன். பம்பைக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்தேன். அதன் பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன். கூட்டம் சேர்ந்துவிட்டது, ஃபோனை அவள் அம்மா வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு வெகுநாள் அது என் கைக்கு வரவே இல்லை.

அந்தப் பொத்தானை அழுத்தினால் அதுவரை பதிந்ததை ஃபோன் சேமித்துக்கொள்ளும். நான் அமைத்த ஃபோன், எனக்குத் தெரியும். மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு அயர்ந்த ஒரு மதியம், அவள் கையிலிருந்து மெல்ல உருவி அந்தத் தேதியைத் தட்டித் தேடினேன். அந்தத் தேதியில் ஒன்றுமில்லை. முன்தினம் இருந்தது, அன்றையது இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளுக்குள் எங்கோ வேறு பெயரில் என் குரல் இருக்கிறது, அவள் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போகிறாள், என்றைக்காவது அதன் மேல் இடித்துக்கொள்வாள். ஒன்றை மட்டும் அழிக்கலாம் என்றால் அது எது என்று தெரிய வேண்டுமே. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாயா என்று நீங்கள் கேட்கலாம். பூச்சி எந்தச் சந்தில் இருக்கிறது என்று தெரியாதவன் வேறு என்ன செய்வான்?

போன வாரம் நான் வெளியே போய்விட்டு வந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள், இயர்ஃபோன் இல்லாமல். அவள் தட்டுவதை விடவே இல்லை. இத்தனை நாளாகப் பட்டியலில் ஒன்றையும் தாண்டாமல், ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே கீழே போயிருக்கிறாள். அடி வரைக்கும்.

"கடைசியில கொஞ்சம் ஓடுதுங்க" என்றாள். "குட்டியா இருக்கறப்போ எண்ணினது ஒண்ணு ரெண்டு. அதுக்கும் கீழ ஒண்ணு இருக்கு. அவ பொறக்கறதுக்கு முன்னாடித் தேதி. நாம பொறக்கறதுக்கே முன்னாடி."

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஜனவரி ஒன்று, 1970. லினக்ஸுக்குக் காலம் தொடங்குவது அந்த நாளில்தான். பேட்டரி ஒட்ட உலர்ந்துபோன ஃபோனை எழுப்பினால், நேரம் தெரியாமல் அங்கேதான் போய் நிற்கும். நெட் கிடைத்த பிறகுதான் தன்னைத் திருத்திக்கொள்ளும். நடுவில் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகிக் காப்பி கெடுமே என்று அன்றைக்கு வைஃபையை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். என் மேசைக்கு வாரம் ஒரு ஃபோனாவது இந்தத் தேதியோடு வரும், மேடம். ஊருக்கெல்லாம் சிரித்துக்கொண்டே விளக்கம் சொல்கிற எனக்கு, இது தோன்றவில்லை. மிகப் பழைய தேதி என்பதால் வரிசையில் முதலில் நின்றிருக்கிறது. முதலில் நின்றதால் உண்மையான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மழலைக்காக நான் இரக்கப்பட்டு விட்ட இடத்தில் முக்கால்வாசியை அதுவே பிடித்திருந்தது. அவ்வளவு நீளமான நிகழ்ச்சி.

அவள் அதை அழுத்தினாள்.

"வணக்கம் நேயர்களே. இது உங்கள் ரேடியோ. இன்னைக்கு நிகழ்ச்சி ரூமுக்குள்ளேந்து. கதவு பூட்டியிருக்கு. ரேடியோவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது. மைக் அப்பாகிட்ட இருக்கு."

பிறகு தட்டுகிற சத்தம். பிறகு என் குரல். சுருக்காமல் பதிந்தது இல்லையா, அவ்வளவு தெளிவாக இருந்தது. மரத்தில் விரல் நகம் உரசுவது கூடக் கேட்டது. அவள் நடுவில் நிறுத்தவில்லை. பேச்சு நின்ற பிறகும் ஓடவிட்டாள். நான் கதவைத் திறக்கும் சத்தம் வரும் வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டோம். அதற்கப்புறம்தான் அவள் எழுந்து ஸ்டேஷனுக்கு, உங்களுக்கு ஃபோன் செய்தாள், அதே ஃபோனிலிருந்து.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கதவைத் தாழ் போட்டவன் நான். அவள் தட்டியதும் பம்ப் கேட்டதும் என் காதில் விழுந்தது. தலையணைக்கடியில் அதைக் கொண்டுபோய் வைத்ததும் நான்தான், அவள் குரலை முழுக்க அழித்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கு அந்த ஃபோனில் சார்ஜ் இருந்திருந்தால் என் மனைவி அதைக் கையோடு வேலைக்கு எடுத்துப் போயிருப்பாள். செத்துக் கிடந்ததால்தான் படுக்கையறையில் வயரில் மாட்டிவிட்டுப் போனாள், குழந்தை கையில் கிடைத்தது, தேதியும் புரண்டது. படுக்கப் போகுமுன் ஃபோனைச் சார்ஜில் போடு, சார்ஜில் போடு என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொன்னால் கேட்டால்தானே.